கடற்கொள்ளைக்காரங்க கடைக்குப் பின்னாடி ஒரு எழுத்துப் பட்டறை

சான் ஃபிரான்சிஸ்கோ போறவங்க மிஷன் ஏரியால இருக்குற 826 வேலன்சியாங்கிற எழுத்துப் பட்டறைக்கு கண்டிப்பா போங்க. முன்பக்கம் கடற்கொள்ளைக்காரங்களுக்கான சாமான் கடை, ஒத்தைக்கண் பட்டி, கண்ணாடிக் கண்ணு, கொடின்னு என்னென்னமோ விக்கிறாங்க, என் பொண்ணு நகரவே மாட்டேன்னுட்டா. அந்த இடத்துல கடை தான் வைக்கணும்னு சிட்டி ரூலாம், அதான் இப்படி ஒரு கடையே போட்டுட்டாங்க!

ஆனா விஷயம் பின்பக்கம்தாங்க இருக்கு. 2002ல எழுத்தாளர் டேவ் எகர்ஸும் டீச்சரா இருந்த நினிவே கலெகாரியும் சேர்ந்து ஆரம்பிச்சது, 6லேர்ந்து 18 வயசு பசங்களுக்கு எழுத்துப் பயிற்சி, ஹோம்வொர்க் உதவி எல்லாம் ஃப்ரீ. வசதி இல்லாத வீட்டுப் பசங்க, வீட்ல ஸ்பானிஷ் மட்டும் பேசுற பசங்க நிறைய, முப்பது பேர் இருக்குற கிளாஸ்ல டீச்சரால ஒவ்வொருத்தர்கிட்டயும் உக்கார முடியாதில்ல, அந்தக் குறையத்தான் இங்க வாலண்டியருங்க தீக்கிறாங்க, ஒரு புள்ளைக்குப் பக்கத்துல ஒரு பெரியவர்னு.

எனக்கு ரொம்பப் புடிச்சது, பசங்க எழுதினத நிஜ புக்காவே அச்சடிக்கிறாங்க. தன் பேரை அச்சுல பாக்குற புள்ள அடுத்த தடவ எவ்ளோ அக்கறையா எழுதும் சொல்லுங்க? கடைல வர்ற காசும் இதுக்குத்தான் போகுது. ஒத்தைக்கண் பட்டி வேணாம்னாலும் பசங்க புக் ஒண்ணு வாங்கிட்டு வாங்க, நாங்க ரெண்டு வாங்கினோம்.