வாழ்த்து அட்டைக்கு மொத்தமாகக் கவர் வாங்கியதில் நான்கு வருட அனுபவம்

பாளையங்கோட்டையில் வீட்டில் இருந்தபடியே கையால் வாழ்த்து அட்டை செய்து விற்கிறேன். கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல், அப்புறம் வருடம் முழுக்கப் பிறந்தநாளும் கல்யாண நாளும். புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் என்ன பேப்பர், எந்தப் பசை, குவில்லிங் (சுருட்டிப் பூ செய்கிற) தாள் பட்டை எங்கே கிடைக்கும் என்றுதான் கேட்கிறார்கள், கவரைப் பற்றி ஒருத்தரும் கேட்பதில்லை. நானும் அப்போது யாரிடமும் கேட்கவில்லை, முதல் வருடம் கைக்கு வந்த காசில் பெரும்பகுதி கவரிலேயே போய்விட்டது.

2021 ஆடியில் ஆரம்பித்தேன். வீடியோவில் பார்த்தபடி 5க்கு 7 அங்குலத்தில் நாற்பது அட்டை செய்து முடித்துவிட்டு, அதற்கப்புறம்தான் கவர் தேடித் திருநெல்வேலி டவுன் ரத வீதிக்குப் போனேன். ஆபீஸ் கவர் 9க்கு 4, பத்துக்கு நாலரை, மொய்க் கவர், பிரவுன் கவர் எல்லாம் இருந்தது, என் அட்டைக்குப் பொருந்துவது மட்டும் இல்லை. ஒரு கடை அண்ணாச்சி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கவரைப் பார்த்துட்டுல்லாம்மா அட்டையை வெட்டணும், இனி இதுக்குன்னு தனியாச் செய்யச் சொன்னா ஆயிரத்துக்குக் குறைஞ்சு எவன் செய்வான்" என்றார். அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. இப்போது யார் கேட்டாலும் முதலில் நான் சொல்வது அதைத்தான்.

சரி என்று ஆன்லைனில் 500 கவர் வாங்கினேன். ஒன்று ஒரு ரூபாய் இருபது காசு, இவ்வளவு மலிவா என்று சந்தோஷம். வந்ததோ 70 ஜி.எஸ்.எம் (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்கிற கணக்கு), அதாவது நாம் ஜெராக்ஸ் எடுக்கிற தாள் கனம். உள்ளே வைத்த சிவப்பு நட்சத்திரம் வெளியே தெரிந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஐப்பசி மழை ஒரு வாரம் விடாமல் பெய்தபோது, பிளாஸ்டிக் பையோடு அலமாரியில் வைத்திருந்த கட்டை எடுத்துப் பிரித்தால், மடிப்பில் தடவியிருந்த பசை ஈரத்தில் இளகி வெறும் கவர்களே ஒட்டிக் கிடந்தன. கத்தி முனையை விட்டு நெம்பினால் மடிப்போடு மேல் தாளும் உரிந்து வந்தது. கொதிக்கிற தண்ணீர் ஆவியில் காட்டினேன், அதில் பின்பக்கத்து ஒட்டும் சேர்ந்து பிரிந்துகொண்டது. நானும் மதினியும் ராத்திரி பதினொரு மணி வரை உட்கார்ந்து பிரித்தும் 140 கவர் வீணாகிவிட்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள், 600 ரூபாய்க்கு 360 கவர், ஒன்று 1 ரூபாய் 67 காசு. கிட்டத்தட்ட அந்த விலைக்கே நல்ல கவர் கிடைத்திருக்கும், அவசரத்துக்கு டவுனுக்கு அலைந்த அலைச்சலும் மிச்சம்.

அடுத்த வருடம் அளவையே மாற்றினேன். ஏ4 அட்டையைக் குறுக்கே இரண்டாக வெட்டினால் ஏ5, அதை மடித்தால் ஏ6, 105க்கு 148 மில்லிமீட்டர். துண்டு விழாது, வெட்டுக்கூலியும் குறைவு. இதற்குப் பொருத்தமான கவர் சி6, 114க்கு 162. அகலத்தில் 9, நீளத்தில் 14 மில்லிமீட்டர் இடம் கிடைப்பதால் ரிப்பனோ சின்னப் பூவோ ஒட்டினாலும் மூலை கிழியாமல் நுழையும். அட்டைக்கும் கவருக்கும் ஒரே அளவு சொல்லி ஆர்டர் போட்டுவிடாதீர்கள், அட்டையில் கனம் ஏற ஏறக் கவரில் இடம் வேண்டும்.

இன்னொரு லாபம் தபாலில். 300 ஜி.எஸ்.எம் ஏ5 அட்டை ஒன்று ஒன்பதரை கிராம் வருகிறது, 100 ஜி.எஸ்.எம் சி6 கவர் ஏறக்குறைய ஐந்து. ஆக, அலங்காரத்துக்கு ஐந்து கிராம் மிச்சம் இருக்கிறது, 20 கிராமுக்குள் நின்றால் 5 ரூபாய் ஸ்டாம்ப் போதும். நகைக்கடைத் தராசு மாதிரி சின்னது ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், ஒவ்வொரு புது டிசைனையும் கவரோடு சேர்த்து நிறுத்துப் பார்த்த பிறகுதான் விலை சொல்வேன். உயரமான குவில்லிங் ரோஜா வைத்ததைச் சாதாரணத் தபாலில் அனுப்புவதே இல்லை, முத்திரை குத்தும்போது நசுங்கிவிடுகிறது.

கவர் இப்போது சிவகாசியில் எடுக்கிறேன். 100 ஜி.எஸ்.எம் மேப்லித்தோ (அச்சுக்குப் பயன்படுத்துகிற தாள்), ஒரு தடவைக்கு இரண்டாயிரம், ஒன்று ஒன்றே முக்கால் ரூபாய் ஆகிறது. கோவில்பட்டி, சாத்தூர் தாண்டிப் போய்வர ஒரு பகல் போய்விடும், ஆனாலும் கையால் தொட்டுப் பார்த்து வாங்குகிற நிம்மதி ஆன்லைனில் இல்லை. போவதானால் ஆனியிலேயே போய்விடுங்கள். ஆடிப்பெருக்குக்கு அடுத்த வருடக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியான பிறகு அச்சகங்களுக்குக் காலண்டர், டைரி வேலையே தலைக்கு மேல் இருக்கும், நம்முடைய சின்ன ஆர்டரைக் கையில் வாங்கவே யோசிப்பார்கள்.

பசையில்தான் ரொம்ப நாள் தடுமாறினேன். ஸ்ட்ரிப்பை உரித்து ஒட்டுகிற கவர் பார்க்க அழகு, வாடிக்கையாளருக்கும் பிடிக்கும், ஆனால் இரண்டு சித்திரை வெயில் கண்ட கவர்க் கட்டில் பசை காய்ந்து பிடிமானமே இல்லாமல் போனது. ஆறு மாதத்துக்குள் விற்றுவிடுவீர்கள் என்றால் தாராளமாக வாங்கலாம். மைதாப் பசை வேண்டவே வேண்டாம், பூச்சி வரும். இப்போது நான் பசையே தடவாத கவராகக் கேட்டு வாங்குகிறேன், விற்கிற அன்று குச்சிப் பசை ஒரு இழுப்பு. மழைக்காலத்துக்கு இதைவிட நிம்மதி வேறு இல்லை. 2023 டிசம்பர் 17, 18 மழையில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் ஏறவில்லை, ஆனாலும் மேஜை மேல் கிடந்த கவர் எல்லாம் நமுத்த அப்பளமாகச் சுருண்டுவிட்டது. மூடி அழுத்தமான தகரப் பெட்டிக்குள் இருந்தது அப்படியே இருந்தது.

கலர் கவர் பற்றி ஒரு வார்த்தை. அடர்ந்த மெரூன், பச்சையெல்லாம் வாங்குமுன் விரலை நனைத்துத் தேய்த்துப் பாருங்கள், சாயம் வந்தால் உங்கள் வெள்ளை அட்டை வீண். முகவரிக்குத் தனியாக வெள்ளை லேபிள் வேறு ஒட்ட வேண்டும். எனக்கு வெள்ளையும் சந்தன நிறமும் போதுமாக இருக்கிறது.

எங்கே வாங்கினாலும் முதலில் மாதிரிக்குப் பத்து கவர் கேளுங்கள், காசு கொடுத்தாவது. அட்டையை உள்ளே போட்டு நாலு தடவை இழுத்து எடுங்கள், பின் ஒட்டு தாங்குகிறதா பாருங்கள். செய்தித்தாள் துண்டு ஒன்றை உள்ளே வைத்து வெளிச்சத்தில் பிடியுங்கள், எழுத்தை வாசிக்க முடிந்தால் அந்தக் கவர் வேண்டாம். ஒரு கவரை ராத்திரி முழுக்க ஈரத்துணி பக்கத்தில் வைத்துக் காலையில் மடிப்பைத் தூக்கிப் பாருங்கள். இந்த வருடச் சரக்கில் இன்னும் அறுநூறு சொச்சம் இருக்கிறது, கிறிஸ்துமஸ் வரை தாங்கும்.