சிகாகோ ஸ்கைடெக்: கண்ணாடிப் பெட்டியில் நின்றால் எதைப் பார்ப்பது?

சிகாகோ வில்லிஸ் டவரின் 103-ஆம் மாடியில் இருக்கும் பார்வைத் தளம்தான் ஸ்கைடெக். அங்கே வரும் கூட்டத்தில் முக்கால்வாசி ‘லெட்ஜ்’ என்ற கண்ணாடிப் பெட்டிகளுக்காகவே வருகிறது. சுவரைத் தாண்டி 4.3 அடி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் பெட்டி. காலடியில் 412 மீட்டருக்கு வெறும் காற்று. பயம் காட்டுவதில் குறை சொல்ல முடியாது. ஆனால் இந்தக் கோபுரத்தை நிற்க வைத்த கணக்கு டாக்காவில் பிறந்த கட்டமைப்புப் பொறியாளர் ஃபஸ்லுர் ரஹ்மான் கானுடையது. அது தெரிந்தவர் பெட்டியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிட மாட்டார்.

குயின்ஸி ரயில் நிறுத்தத்திலிருந்து நடக்கும் தூரம்தான். உள்ளே போகும் முன் தெருவில் நின்று அண்ணாந்து பாருங்கள். உச்சியிலுள்ள இரண்டு ஆண்டெனாக்களும் தெரியவில்லையென்றால் மேலே போனாலும் வெள்ளைத் திரைதான். மிச்சிகன் ஏரிப் பக்கமிருந்து மேகம் தாழ வந்து மூடும் நாட்கள் இங்கே சகஜம். அதனால் மாதக்கணக்கில் முன்னதாக டிக்கெட் எடுத்து வைப்பது சூதாட்டம். முந்தின நாள் வானிலை பார்த்து எடுங்கள். கட்டணம் நாளையும் நேரத்தையும் பொறுத்து மாறும், வார நாள் காலை நல்லது. லிஃப்ட் ஒரு நிமிடம் சொச்சத்தில் ஏறிவிடுகிறது. காது அடைக்கும், எச்சில் விழுங்கினால் போதும். கைக்குழந்தைக்கு அந்த நேரம் பால் புகட்டுங்கள்.

வரிசை இரண்டு முறை: லிஃப்டுக்கு ஒன்று, பெட்டிக்கு இன்னொன்று. இரண்டாவதுதான் பொறுமையைச் சோதிக்கும், பெட்டிக்குள்ளோ ஓரிரு நிமிடம்தான் விடுவார்கள். பெட்டிகள் மேற்குப் பக்கம் இருப்பதால் காலையில் வெயில் எதிரே அடிக்காது. சாயங்காலம் போனால் சூரியன் நேரே கேமராவுக்குள் விழும், முகம் கருத்துப் போகும். வெள்ளைச் சட்டை கண்ணாடியில் பிரதிபலிக்கும், அடர்ந்த நிறம் போட்டுக்கொள்ளுங்கள்.

தரை அரை அங்குலக் கண்ணாடி மூன்று அடுக்கு. 2014 மே மாதம் ஆட்கள் நிற்கும்போதே விரிசல் ஓடியதே என்று கேட்பவர்கள் உண்டு. அன்று விரிந்தது கீறல் விழாமலிருக்க மேலே பூசிய காப்புப் பூச்சு, சுமை தாங்கும் கண்ணாடி அல்ல. பூச்சு தேய்வதற்கென்றே இருப்பது. துடைக்கவும் பழுது பார்க்கவும் பெட்டியையே கட்டடத்துக்குள் இழுத்துக்கொள்ள முடியும்.

சரி, மாடி மாடியாக ஒடுங்கிப் போகும் இந்தக் கட்டடத்தில் இந்தப் பெட்டியிலிருந்து மட்டும் எப்படி நேரே தரை தெரிகிறது? அங்கேதான் கானின் கணக்கு இருக்கிறது. 75 அடிச் சதுரக் குழாய்கள் (தூண்களும் உத்திரங்களும் நாலு பக்கமும் சுவராகச் சூழ்ந்த செங்குத்துக் கூடுகள்) ஒன்பதை மூன்றுக்கு மூன்றாகச் சேர்த்துக் கட்டியதுதான் இந்தக் கோபுரம். வடமேற்கும் தென்கிழக்கும் 50-ஆம் மாடியோடு நின்றுவிடுகின்றன. வடகிழக்கும் தென்மேற்கும் 66-இல். வடக்கு, கிழக்கு, தெற்கு 90-இல். உச்சிவரை போவது நடுக் குழாயும் மேற்குக் குழாயும் மட்டும். லெட்ஜ் மேற்குச் சுவரில் இருக்கிறது. கீழே எதுவும் குறுக்கிடாததற்கு அதுதான் காரணம். கிழக்கு ஜன்னலுக்குப் போய் நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டி எட்டிப் பாருங்கள், 90-இல் நின்றுபோன குழாயின் கூரை கீழே கிடக்கும். இந்த வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்கவே டிக்கெட் காசு தகும்.

ஒன்பதாக ஏன் பிரித்தார்கள்? வெளிச்சுவரை மட்டும் நம்பிய ஒற்றைக் குழாயைக் காற்று தள்ளினால் மூலைத் தூண்கள் சுமையை வாங்கிக்கொள்ளும், நடுத் தூண்கள் சும்மா நிற்கும். உள்ளே நெடுக்கே இரண்டும் குறுக்கே இரண்டுமாகச் சட்டங்கள் ஓடினால் நடுவிலிருப்பவையும் வேலை செய்யும். இதனால் 110 மாடிக்குச் சதுர அடிக்கு 33 பவுண்டு எஃகுதான் செலவானது. தூண்கள் 15 அடிக்கு ஒன்று. இரண்டு மாடி உயரத் தூணில் இருபக்கமும் பாதி உத்திரத்தைப் பட்டறையிலேயே பற்றவைத்து, கிளை விரித்த மரம் மாதிரி கொண்டுவந்தார்கள். மேலே செய்ய வேண்டியது கிளையோடு கிளையை போல்ட் போட்டு முடுக்குவது. காற்றில் தொங்கிக்கொண்டு பற்றவைக்கும் வேலை அநேகமாக இல்லாமலே போனது. கட்டடக் கலைஞர் புரூஸ் கிரகாம் ஒரு பிடி சிகரெட்டை உயரம் மாற்றி அடுக்கிக் காட்டித்தான் இந்த யோசனை பிறந்தது என்று கதை சொல்வார்கள். கையில் சிகரெட்டை வைத்துக்கொண்டு யாரும் காட்டலாம், அதை 442 மீட்டருக்கு நிறுத்துவதுதான் வேலை.

கான் 1952-இல் உதவித்தொகையில் இல்லினாய் பல்கலைக்கழகத்துக்கு வந்தவர். மூன்றே ஆண்டில் இரண்டு முதுகலைப் பட்டம், ஒரு முனைவர் பட்டம். இடையில் கராச்சிக்குப் போய்ப் பார்த்துவிட்டு 1960-இல் மறுபடி சிகாகோ. வேலை முடிந்தால் தாகூர் பாட்டு. மகளும் பின்னாளில் கட்டமைப்புப் பொறியாளரானார். இந்தக் கோபுரம் எழும்பிக்கொண்டிருந்த 1971-இல் வங்கதேச விடுதலைப் போர். சிகாகோ வங்காளிகளைத் திரட்டி, நிவாரண நிதிக்கு ஓர் அமைப்பும் அமெரிக்க அரசிடம் வாதாட இன்னொன்றுமாக நடத்தினார். வில்லிஸ் டவர் விளம்பரங்களில் கண்ணாடிப் பெட்டிக்கு இருக்கும் இடத்தில் பத்தில் ஒரு பங்கு இந்தக் கதைக்குக் கொடுக்கலாம்.

இறங்கியதும் ஜாக்சன், ஃபிராங்க்ளின் தெருக்கள் சந்திக்கும் மூலைக்குப் போங்கள். ‘ஃபஸ்லுர் ஆர். கான் வே’ என்று பெயர்ப்பலகை இருக்கும். காசு இல்லை, வரிசை இல்லை.

ஒன்றுக்குத்தான் பட்ஜெட் இருக்கிறது, 2018 வரை ஹான்காக் எனப் பெயர் கொண்டிருந்த கட்டடத்தின் ‘360 சிகாகோ’ பார்வைத் தளத்துக்குப் போகலாமா என்றால்: அது 94-ஆம் மாடி, உயரம் குறைவு, ஆனால் ஏரிக்கரை அங்கிருந்துதான் அழகு. அதுவும் கானுடையதுதான். 1969-இல் முடிந்த அந்தக் கட்டடத்தில் எலும்பு வெளியிலேயே தெரியும், பெரிய பெரிய பெருக்கல் குறிகளாக. மேல்மாடிகளில் வீடுகள் வருவதால், எவ்வளவு ஆட்டம் மனிதருக்கு உறைக்கும் என்று அறிய வேண்டியிருந்தது. அறிவியல் அருங்காட்சியகத்தில் சலவை இயந்திரக் காட்சிக்கு வைத்திருந்த சுழல் மேடையில் ஆட்களை ஏற்றிச் சோதித்தார் கான். குழந்தைகளோடு போனால் ஸ்கைடெக், கட்டடம் பார்க்கப் போனால் ஹான்காக்.

அரை நாள் மிச்சமிருந்தால் ரெட் லைனில் ஷெரிடன் நிறுத்தம். அங்கிருந்து நடந்தால் கிரேஸ்லேண்ட் கல்லறைத் தோட்டம். 1982-இல் ஜெத்தாவில் 52 வயதில் இறந்த கானை இங்கேதான் அடக்கம் செய்தார்கள். புரூஸ் கிரகாமும் இதே தோட்டத்தில்தான்.