கதை சொல்வதில் எது கெட்டி: விட்சர் 3, டிஸ்கோ எலிசியம், பால்டர்ஸ் கேட் 3

ஆர்பிஜி, அதாவது ஒரு பாத்திரமாகவே மாறி ஆடும் வீடியோ கேம்களின் கதையைப் பற்றிப் பேச்சு எடுத்தால், சுற்றிச் சுற்றி இந்த மூன்று பெயர்களில்தான் வந்து நிற்கும். போலந்தின் சிடி ப்ராஜெக்ட் ரெட் 2015இல் வெளியிட்ட விட்சர் 3, எஸ்தோனியாவில் தொடங்கிய ஸா/உம் குழுவின் டிஸ்கோ எலிசியம் (2019), பெல்ஜியத்தின் லாரியன் 2023இல் கொண்டுவந்த பால்டர்ஸ் கேட் 3. மூன்றையுமே "கதை சூப்பர்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஆனால் மூன்றும் செய்வது மூன்று வேறு வேலைகள்.

நான் பார்ப்பது ஒன்றைத்தான். ஆடுகிறவர் தப்பாக ஒரு முடிவு எடுத்தால், அல்லது முயன்று தோற்றால், கதை அதை வைத்துக்கொண்டு என்ன செய்கிறது? நாவல் எழுதுகிறவருக்கு இந்தத் தலைவலியே கிடையாது. கேமுக்கு எழுதுகிறவருக்கோ இதுதான் முழு வேலையும். (சில முடிச்சுகள் கீழே அவிழும். இன்னும் ஆடாதவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.)

விட்சர் 3இல் எல்லோரும் சொல்லும் உதாரணம் பிளடி பாரன். எல்லோரும் சொல்வதாலேயே அதை ஒதுக்கிவிட முடியாது. போரில் சீரழிந்த வேலன் நாட்டில் ஒரு கோட்டையைப் பிடித்து உட்கார்ந்திருக்கும் முன்னாள் படைவீரன் அவன். மனைவியையும் மகளையும் காணவில்லை, கண்டுபிடித்துக் கொடு என்று, நாம் ஆடும் நாயகன் கெரால்ட்டிடம் பேரம் பேசுகிறான். விசாரிக்க விசாரிக்க அவன் குடித்துவிட்டு மனைவியை அடித்தது, கரு கலைந்தது, அந்தச் சிசுவை முறைப்படி அடக்கம் செய்யாதது என்று ஒவ்வொன்றாக வெளியே வருகிறது. சிசு பேயாக எழுந்தபின் அதைக் கொல்லலாம். அல்லது பாரனே அதைக் கையில் ஏந்தி நடந்துவந்து, பெயர் வைத்து, வாசலில் புதைத்து சாந்தப்படுத்தலாம். அவனை வில்லனாகக் காட்டி நம் வேலையைச் சுலபமாக்கவும் இல்லை, அவன் செய்ததை மன்னித்துவிடவும் இல்லை.

நான் சொல்ல வந்தது இதற்கு அடுத்த கட்டம். வேறொரு இடத்தில், ஒரு மரத்தின் அடியில் சிறைப்பட்டிருக்கும் ஆவியை விடுவிப்பதா கொல்வதா என்று கேம் கேட்கிறது. விடுவித்தால் அநாதைக் குழந்தைகள் பிழைக்கிறார்கள். பாரனின் மனைவி செத்து, அவன் தூக்கில் தொங்குகிறான். கொன்றால் குழந்தைகள் போய்விடுகிறார்கள். மனைவி புத்தி பேதலித்த நிலையிலாவது உயிரோடு கிடைக்கிறாள். இது தெரியவரும்போது பழைய சேவுக்கு (முன்பு சேமித்துவைத்த இடத்துக்கு) திரும்பும் நேரம் தாண்டியிருக்கும். விளைவைத் தள்ளிவைப்பதுதான் விட்சரின் உத்தி. கெரால்ட் மகள்போல வளர்த்த சிரியின் முடிவும் அப்படியே. அவளோடு பனி உருண்டை எறிந்து விளையாடினோமா, அவள் பேச வேண்டிய இடத்தில் ஒதுங்கி நின்றோமா என்கிற அற்ப விஷயங்கள்தான் கடைசியில் கணக்கில் வருகின்றன.

பெரிய கதை அந்த அளவுக்கு இல்லை. முக்கிய வில்லன் எரெடின் ஒரு கவசம் போட்ட உயரமான ஆள், அவ்வளவுதான்.

பால்டர்ஸ் கேட் 3 இதற்கு நேர் எதிர். அங்கே எல்லாவற்றுக்கும் உடனே பதில் உண்டு. பிணத்தோடு பேசும் மந்திரம் இருக்கிறது. ஆனால் நாமே கொன்ற ஆளின் பிணம் நம்மோடு பேச மறுக்கும். வேஷம் மாற்றிக்கொண்டு போனால் பேசும்! இப்படிக் குறுக்குப் புத்திக்கெல்லாம் இடம் விட்டு எழுத எவ்வளவு உழைப்பு தேவை என்று யோசித்தால் மலைப்பாக இருக்கிறது. 17,000 முடிவு வேறுபாடுகள் உண்டு என்று லாரியன் தரப்பிலேயே சொன்னார்கள். ஆனால் எண்ணிக்கையை வைத்து நான் மயங்கத் தயாரில்லை. நம்மோடு கூட வரும் ஆஸ்டாரியனின் கதை நிற்பது ஒரே ஒரு தருணத்தில். ஏழாயிரம் உயிர்களைப் பலிகொடுத்து அவன் முழு வாம்பயர் ஆவதற்கு நாம் துணை போகலாம், தடுக்கலாம். துணை போனால் அதற்குப் பிறகு நம்மை அவன் நடத்தும் விதமே மாறுகிறது. அங்கே எழுத்து அபாரம்.

சிக்கல் பகடையில்தான் இருக்கிறது. நாம் முயலும் காரியம் பலிக்குமா என்பதை இங்கே பகடைதான் முடிவுசெய்கிறது. இருபது பக்கப் பகடையில் தோற்றால் பல இடங்களில் கிடைப்பது குறைவான கதை: ஒரு சண்டை வெடிக்கும், அல்லது ஒரு கதவு சாத்தப்படும். அதனால் பழைய சேவுக்குத் திரும்ப, கை தானாக லோடு பட்டனுக்குப் போகிறது. 2023 நவம்பரில் ஒரே ஒரு சேவ் மட்டும் தரும் ஹானர் மோடை அவர்கள் சேர்த்தார்கள். முதல்முறை ஆடுகிறவர் அதைத் தொடுவாரா என்ன? மூன்றாம் அங்கம் வேறு நெரிசல். கூட வரும் இன்னொரு துணை கார்லாக்கின் முடிவை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது.

டிஸ்கோ எலிசியத்தில் சண்டைக்கென்று தனி முறையே கிடையாது. குடித்துக் குடித்து நினைவு தப்பிப்போன ஒரு துப்பறிவாளன், விடுதிக்குப் பின்னால் மரத்தில் தொங்கும் பிணம், துறைமுகத்தில் வேலைநிறுத்தம். அவனுடைய 24 திறன்களும் மண்டைக்குள் உட்கார்ந்து ஆளாளுக்கு யோசனை சொல்கின்றன, பாதிக்குப் பாதி மோசமான யோசனை. தொடக்கத்திலேயே மின்விசிறியில் மாட்டிய டையை எடுக்கப்போய் மாரடைப்பில் செத்துப்போகலாம். விடுதி பாக்கியைக் கொடுக்காமல் ஓடப் பார்த்துத் தோற்றால், நம் ஆள் திரும்பிக் கெட்ட சைகை காட்டிக்கொண்டே பின்பக்கமாகப் பாய்ந்து சக்கர நாற்காலியில் இருக்கும் அம்மாள்மீது போய் விழுவார். ஜெயித்திருந்தால் இந்தக் காட்சி கிடைத்திருக்காது. கரோக்கேயில் பாட்டு சொதப்பினாலும் அப்படித்தான். அந்த அவமானம் கதையில் சேர்ந்துவிடுகிறது. பக்கத்தில் கூட்டாளித் துப்பறிவாளர் கிம் கிட்சுராகி முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பாடுபடுகிறார். தோல்வியைத் தண்டனையாக எழுதாமல் காட்சியாக எழுதியதில் மற்ற இரண்டும் இதன் பக்கத்தில்கூட வரவில்லை என்பது என் கட்சி.

குறை இல்லாமல் இல்லை. கொலையாளி அதுவரை நாம் முகம் பார்க்காத ஆள், கடைசி நேரத்தில் வந்து இறங்குகிறார். துப்பறியும் கதை என்று நம்பிப் போனவர்களுக்கு அது ஏமாற்றம்தான். அரசியல் பேச்சு சில இடங்களில் நீள்கிறது.

அப்புறம் மொழி. மூன்றிலும் தமிழ் கிடையாது. டிஸ்கோவில் பத்து லட்சம் வார்த்தைகளுக்கு மேல், அதுவும் நெளிவு சுளிவான ஆங்கிலம். 2021இல் வந்த ஃபைனல் கட் பதிப்பில் முழுக் குரல் இருப்பதால் கேட்டுக்கொண்டே போகலாம், இருந்தாலும் களைப்பு தட்டும். அது ஒத்துவராது என்றால் விட்சரில் தொடங்குங்கள். பாரனை அதிக நேரம் காக்கவைக்காமல் சந்தித்துவிடலாம். பால்டர்ஸ் கேட்டை எடுத்தால், பகடை விழுந்தபிறகு லோடு பண்ணுவதில்லை என்று முதல் அங்கத்துக்காவது முடிவுசெய்துகொண்டு ஆடிப் பாருங்கள்.