ஆளைக் காப்பதா, இடத்தைக் காப்பதா?

கல்லூரி அமெரிக்கன் ஃபுட்பாலில் மிச்சிகன் பல்கலைக்கழகம் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்துடன் மோதிய இரண்டு ஆட்டங்கள். 2018இல் மிச்சிகனின் தடுப்புப் பயிற்சியாளர் டான் பிரவுன் நம்பியது ஆளுக்கு ஆள் காவல். எதிரணி ரிசீவர்கள் (வீசிய பந்தைப் பிடிப்பவர்கள்) குறுக்கே ஓடினார்கள்; துரத்தியவர்கள் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டு இரண்டடி பின்தங்கினார்கள். அந்த இரண்டடி போதும், பந்து கைக்கு வந்துவிடும். இடைவேளையில் ஒஹாயோ ஸ்டேட் 24-19 என முன்னிலை. அப்புறமும் அதே காட்சிதான், 62-39 என மிச்சிகனுக்குத் தோல்வி.

2022இல் மிச்சிகனின் தடுப்புப் பயிற்சியாளராக இருந்த ஜெஸ்ஸி மின்டர் ஆளையும், ஆளுக்கொரு பகுதி என இடத்தையும் மாற்றி மாற்றிக் காத்தார். இடைவேளையில் 17-20 எனப் பின்தங்கியிருந்தும், இரண்டாம் பாதியில் விட்டுக்கொடுத்தது வெறும் 3 புள்ளிகள். 45-23 வெற்றி.

பிரவுனின் முறை தவறில்லை, வேகமான கார்னர்பேக்குகள் (ரிசீவர்களைத் துரத்திக் காக்கும் தடுப்பாளர்கள்) இருந்தால் அது அழகு. ஆனால் நடு ஆட்டத்தில் மாற்ற இன்னொரு வழி கையில் இருக்கவேண்டும். என் ஓட்டு மின்டருக்கே.