இன்ஸ்டன்ட் ஈஸ்ட்: திருச்சி வெயிலில் சில ஆண்டுகள் பயன்படுத்திய பிறகு

வீட்டில் பிரெட் சுட நினைப்பவர்கள் பெரும்பாலும் எந்த ஓவன் வாங்கலாம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். சாதாரண ஓடிஜி (மேசைமேல் வைக்கும் சிறிய மின் ஓவன்) போதும். கவலைப்பட வேண்டியது ஈஸ்டைப் பற்றியும் நம் ஊர் வெப்பத்தைப் பற்றியும்தான். சில ஆண்டுகளாக இன்ஸ்டன்ட் ஈஸ்டை மட்டுமே பயன்படுத்தி வருகிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

கடையில் உலர் ஈஸ்ட் இரண்டு வகையாகக் கிடைக்கிறது. ஆக்டிவ் டிரை ஈஸ்டின் உருண்டை மணிகளைச் சுற்றி இறந்த செல்களின் மேலுறை உண்டு. அதைக் கரைக்க வெதுவெதுப்பான நீரில் ஊறவைக்க வேண்டும். நீர் 40 டிகிரிக்குப் பக்கமாக இருக்கலாம். 60 டிகிரிக்குப் போனால் ஈஸ்ட் செத்துவிடும். கைவிரலால் சூடு பார்க்கிறவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். இன்ஸ்டன்ட் ஈஸ்டில் அந்தத் தொல்லையே இல்லை. அதன் மணிகள் மெல்லியவை. மாவில் நேரடியாகக் கலந்துவிடலாம்.

வாங்கும்போது பொட்டலத்தை அழுத்திப் பாருங்கள். காற்று நீக்கி அடைத்த பொட்டலம் செங்கல் போல இறுகியிருக்கும். நெகிழ்ந்திருந்தால் எங்கோ காற்றுப் புகுந்திருக்கிறது, வேண்டாம். பெரிய பொட்டலத்தைப் பிரித்து, சிறு பிளாஸ்டிக் உறைகளில் தேதி இல்லாமல் விற்கும் கடைகள் உண்டு. அப்படி வாங்கியது ஒருமுறை என்னிடம் கொஞ்சமும் பொங்கவில்லை. சந்தேகம் வந்தால் அரை டம்ளர் வெதுவெதுப்பான நீரில் ஒரு டீஸ்பூன் சர்க்கரையும் ஒரு டீஸ்பூன் ஈஸ்டும் போட்டு வையுங்கள். பத்து நிமிடத்தில் நுரை கட்டினால் ஈஸ்ட் நன்றாக இருக்கிறது. பிரித்த ஈஸ்ட் காற்றுப் புகாத டப்பாவில், ஃப்ரீசரில் இருக்க வேண்டும். சமையலறை அலமாரியில் வைத்தால் நம் வெயிலுக்குத் தாங்காது.

வெயில் மாவையும் விடுவதில்லை. மாவு பொங்குவதற்குக் குறிப்புகளில் காணும் "ஒன்றரை மணி நேரம்" பெரும்பாலும் குளிர்ந்த சமையலறைகளுக்கான கணக்கு. சித்திரையில் என் சமையலறை 34 டிகிரியைத் தொடும்போது மாவு முக்கால் மணி நேரத்திலேயே இரு மடங்காகிவிடுகிறது. கடிகாரத்தைப் பார்க்காமல் மாவைத்தான் பார்க்க வேண்டும். மாவில் விரலை அழுத்தி எடுங்கள். குழி மெதுவாக, பாதி அளவு மேலெழுந்தால் பதம் சரி. சட்டென்று மேலே வந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். எழும்பாமல் அப்படியே நின்றால் பதம் தாண்டிவிட்டது. இட்லி மாவை இரவு முழுக்க வெளியே வைத்துப் பழகிய நமக்கு இதற்குத் தனியாக மனதைப் பழக்க வேண்டியிருக்கிறது. பதம் தாண்டிய பிரெட் மாவில் சாராய வாடை அடிக்கும். ஓவனில் நடுவே அமுங்கிப்போகும்.

இதற்குப் பேக்கரிக்காரர்களின் ஒரு கணக்கு கைகொடுக்கிறது. பிசைந்த மாவு 26 டிகிரியில் இருக்க வேண்டும் என்றால், 26ஐ மூன்றால் பெருக்கினால் 78. அதிலிருந்து அறையின் 34ஐயும் பிசையாத உலர்ந்த மைதாவின் 34ஐயும் கழித்தால் மிச்சம் 10. ஊற்றும் நீர் அந்த 10 டிகிரியில் இருக்க வேண்டும். அதாவது ஃப்ரிட்ஜ் தண்ணீர். மார்கழியில் குழாய்த் தண்ணீரே போதும். 500 கிராம் மைதாவுக்கு நான் போடுவது 310 மில்லி நீர், 9 கிராம் உப்பு, 15 கிராம் சர்க்கரை, 20 கிராம் எண்ணெய், 4 கிராம் ஈஸ்ட். கோடையில் ஈஸ்ட் 2 கிராம்தான். அப்படி 2 கிராம் ஈஸ்ட் போட்டுப் பிசைந்த மாவை இரவில் ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் சுட்டால் சுவை இன்னும் கூடுகிறது; எனக்கு அதுதான் மிகப் பிடித்தது. இவ்வளவு சிறிய அளவுகளுக்கு டிஜிட்டல் தராசு அவசியம்.

கையால் பிசைய பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். முதலில் மாவு விரலெல்லாம் ஒட்டும். அதற்காக மேலும் மைதா தூவாதீர்கள், பிரெட் வறண்டுவிடும். எலுமிச்சை அளவு மாவை எடுத்து நான்கு பக்கமும் மெல்ல இழுத்தால், கிழியாமல் மறுபக்க வெளிச்சம் தெரிய வேண்டும். அந்தச் சவ்வுதான் வாயுவைப் பிடித்துவைக்கிறது.

மாவு முதல்முறை பொங்கிய பின் அதைச் சுருட்டி டின்னில் வைத்து மறுபடி உப்பவிட வேண்டும். பிறகு, முன்கூட்டியே சூடாக்கிய ஓடிஜியில் கீழ்த் தட்டில், 200 டிகிரியில் 30 முதல் 35 நிமிடம். ஆறிய பிறகே வெட்டுங்கள். சூட்டில் வெட்டினால் உள்ளே பிசுபிசுக்கும்.

முழுக்க கோதுமை மாவில் முதல் பிரெட்டைச் சுட வேண்டாம். அதிலுள்ள தவிடு சவ்வை அறுத்துவிடும். பிரெட் தாழ்ந்து, கனமாக வரும். பாதி மைதா, பாதி கோதுமை என்று தொடங்கி, கோதுமை மாவை அரை மணி நேரம் நீரில் ஊறவைத்துச் சேர்த்தால் நன்றாக வருகிறது. கடை பிரெட்டில் சேர்க்கப்பட்டு வந்த பொட்டாசியம் புரோமேட் என்ற ரசாயனத்துக்கு இந்தியாவில் 2016இல் தடை வந்த சமயம் வீட்டில் எல்லோரும் பயந்தோம். என் பிரெட்டில் என்னென்ன இருக்கிறது என்பது இப்போது எனக்குத் தெரிகிறது.

வாரம் ஒரு பிரெட் சுட்டாலும் ஆண்டுக்கு 200 கிராம் ஈஸ்டுக்கு மேல் செலவாகாது. 500 கிராம் பொட்டலம் மலிவுதான் என்றாலும் ஒரு வீட்டுக்கு அதிகம். நானும் என் நாத்தனாரும் ஒன்றை வாங்கி, பிரித்த அன்றே பாதி பாதியாக எடுத்துக்கொள்கிறோம். தனியாகத் தொடங்குகிறவர்கள் சிறிய பாக்கெட்டையே வாங்குங்கள்.