சென்னை மடிப்பாக்கம் வீட்டுல கேட் டு போர்டிகோ சிமெண்ட் தரை மாத்தினது: மேஸ்திரிக்கு என் மார்க் 10க்கு ஏழு

வேலை முடிஞ்சு ஒரு மழை சீசன் பார்த்துட்டுதான் எழுதணும்னு இருந்தேன், இப்ப பார்த்தாச்சு.

முதல்ல பழைய தரையோட நிலைமை. கேட்டுல இருந்து போர்டிகோ வரைக்கும் 30 அடி நீளம், 12 அடி அகலம். அப்பா 1994ல வீடு கட்டினப்ப 3 இஞ்ச் கனத்துல போட்டது, அடியில களிமண்ணு மேல கொஞ்சம் செங்கல் ஜல்லி, அவ்ளோதான். அப்ப வீட்டுல நின்னது ஒரு ஸ்கூட்டர், அதுக்கு அது போதும். 2015 வெள்ளத்துல அடிமண்ணு அரிச்சுட்டு போச்சு போல, அதுக்கப்புறம் தரையை தட்டினா டொக் டொக்னு காலி டப்பா மாதிரி சத்தம். 2019 தண்ணி பஞ்சத்துல சம்ப்க்கு (தரைக்கு அடியில இருக்குற தண்ணி தொட்டி) ஓஸ் எட்டலைன்னு தண்ணி லாரியை ரிவர்ஸ்ல உள்ளே விட்டோம் பாருங்க, அன்னிக்கே மூணு துண்டா போச்சு. லாரிக்காரரை சொல்லி என்ன பண்றது, வாங்க வாங்கன்னு கை காட்டினதே நான்தான்.

இன்னொரு தலைவலி ரோடு. ஒவ்வொரு தடவையும் பழைய ரோட்டு மேலயே தார் போட்டு போட்டு, தெரு எங்க தரையை விட முக்கால் அடி மேல ஏறிடுச்சு. சுரண்டிட்டுதான் புது ரோடு போடணும்னு 2021ல தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவு போட்டாரு, நல்ல விஷயம், ஆனா அதுக்கு முன்னாடி ஏறினது ஏறினதுதானே. மழை வந்தா தெரு தண்ணி மொத்தமும் எங்க வீட்டுக்கு விருந்தாளி. அதனால வெடிச்ச இடத்துல மட்டும் ஒட்டு போட்டு சமாளிக்கலாம்ங்கிற யோசனையை விட்டுட்டு முழுசா இடிக்கலாம்னு முடிவு பண்ணினோம்.

வீட்டம்மாவுக்கு பேவர் பிளாக் ஆசை. கடையில போய் கேட்டா கார் நிக்கிற இடத்துக்கும் 60 எம்எம் போதும் சார்னு தள்ளப் பார்த்தாங்க, 80 கேட்டா விலை ஏறுது. மச்சான் வீட்டுல பேவர் போட்டு ரெண்டே வருஷத்துல டயர் போற ரெண்டு வரிசையும் பள்ளமாயிடுச்சு, ஆனா அது பிளாக் தப்பில்ல, அடியில சரியா குத்தாம போட்டதால. ஒரு விஷயம் ஒத்துக்கறேன், அடியில பைப் உடைஞ்சா பேவரை பேத்து எடுத்து திரும்ப வச்சிடலாம், கான்கிரீட்ல அது நடக்காது. இருந்தாலும் இடுக்குல புல் பிடுங்குற வேலை கடைசியில யார் தலையில விழும்னு எனக்கு தெரியும், கான்கிரீட்னே போயிட்டோம்.

கலந்தே லாரியில கொண்டு வர்ற ரெடிமிக்ஸ் கான்கிரீட்டும் விசாரிச்சேன். எங்களுக்கு தேவை நாலேகால் கனமீட்டர்தான், இவ்ளோ சின்ன லோடுக்கு தனி சார்ஜ், போதாக்குறைக்கு எங்க தெரு ஒயர் தொங்குற உயரத்துக்கு அந்த வண்டி வரவே வராது. சரி, மேஸ்திரிகிட்டயே கொடுத்தோம். தெரிஞ்சவர் வீட்டுல வேலை பார்த்தவர், பேர் வேணாம். இடிக்கிறது, மெட்டீரியல், கூலி எல்லாம் சேர்த்து சதுர அடிக்கு 210, ஆக 75,600. கிராவல் தனி.

இடிக்கிறது ஒரே நாள்ல முடிஞ்சுது. பிரேக்கர் மெஷின் வச்சு அடிச்சாங்க, தெருவே வந்து எட்டி பார்த்துது. சம்ப் பக்கம் வந்ததும் மெஷினை நிறுத்திட்டு உளியும் சுத்தியலும் எடுத்து கையால பேத்தாங்க, நான் சொல்லாமலே. "மெஷின் வச்சா சம்ப் சிலாப் விட்டுக்கும் சார்"னாரு. இந்த இடத்துல மேஸ்திரி மேல எனக்கு மரியாதை வந்துச்சு.

வந்த மரியாதை சாயங்காலம் இடிசல் ஏத்தும்போது இறங்கிடுச்சு. மூணு குட்டி யானை லோடு ரேட்லயே சேர்த்தின்னு பேசினது, போனது எட்டு. எக்ஸ்ட்ரா அஞ்சு லோடுக்கு லோடுக்கு 900 மேனிக்கு 4,500 கேட்டாரு. 90 கன அடி கான்கிரீட்னா ஆறு டன் கிட்ட வரும், மூணு வண்டியில எப்படி அடங்கும்? இத்தனை வருஷம் வேலை பார்க்குற அவருக்கு இது தெரியாதா? தெரியும். எனக்குத்தான் அப்ப தெரியல, ராத்திரி கணக்கு போட்டு பார்த்தப்பதான் உறைச்சுது. நீங்க பேசும்போது "எத்தனை லோடு ஆனாலும்"னு வாய்விட்டு சொல்ல வச்சுக்கோங்க.

அடுத்தது அடித்தளம், என்னை கேட்டா மொத்த வேலையும் இதுலதான் இருக்கு. பழைய தரைக்கு கீழ இன்னும் அரை அடி களிமண்ணை தோண்டி எடுத்துட்டு (பக்கத்து காலி மனைக்காரர் சந்தோஷமா வாங்கிக்கிட்டாரு) அதுல முக்கால் அடி கிராவல், மூணரை யூனிட் (யூனிட்னா 100 கன அடி), 12,000 ஆச்சு. மொத்தமா கொட்டி தண்ணி விட்டு திம்ஸ் கட்டையில ரெண்டு குத்து குத்திட்டு போயிடலாம்னு ஆளுங்க ரெடி ஆனாங்க. நான் விடல, மூணு மூணு இஞ்சா போட்டு ஒவ்வொண்ணையும் கம்பாக்டர் வச்சு அழுத்த சொன்னேன். அரை நாள் மூஞ்சிய தூக்கி வச்சுக்கிட்டாங்க, ஆனா செஞ்சாங்க. மேல பாலிதீன் ஷீட், அதுக்கு மேல வெல்டு மெஷ், அதாவது கம்பி வலை. மெஷ் தரையோட படுத்து கிடந்தா பிரயோஜனமே இல்ல, கான்கிரீட்டுக்கு நடுவுல நிக்கணும், அதனால ஜல்லி துண்டு வச்சு தூக்கி விட்டோம்.

கான்கிரீட் 5 இஞ்ச், எம்20, அதாவது சிமெண்ட் 1க்கு மணல் ஒன்றரைக்கு ஜல்லி 3. சிமெண்ட் 34 மூட்டை இறங்குச்சு, முக்கால் இஞ்ச் ஜல்லி ஒண்ணேகால் யூனிட், எம் சாண்ட் முக்கால் யூனிட்டுக்கும் கொஞ்சம் கம்மி. சண்டை வந்தது தண்ணியிலதான். மூட்டைக்கு 25 லிட்டருக்கு மேல போக வேணாம்னு நான் சொல்ல, இவ்ளோ கெட்டியா இருந்தா இழுத்து விட கை வலிக்குது சார்னு அவங்க சொல்ல, நான் டீ குடிக்க உள்ளே போன அஞ்சு நிமிஷத்துல மிக்ஸர்ல ரெண்டு பக்கெட் எக்ஸ்ட்ரா போயிருக்கு. அம்மா ஜன்னல் வழியா பார்த்துட்டு "டேய் தம்பி, தோசை மாவு மாதிரி ஊத்துறாங்கடா"ன்னு கத்தின பிறகுதான் எனக்கே தெரியும். அந்த கலவை விழுந்த இடம் மோட்டார் மூலை, இப்பவும் அங்க மட்டும் செருப்பு தேய்ச்சா லேசா மாவு வருது.

மேல காஞ்ச சிமெண்ட் தூவி வழவழன்னு தேய்ச்சு தர்றேன்னாரு, வேணாம்னுட்டேன். பார்க்க அழகா இருக்கும், அப்புறம் தோல் உரியும், மழையில அம்மா வழுக்கி விழுந்தா யார் பதில் சொல்றது. தென்னந்துடைப்பத்தால குறுக்க கோடு இழுத்து விட்டாங்க, சூப்பரா பிடிக்குது. மறுநாள் காலையில கட்டர் வச்சு 10 அடிக்கு ஒண்ணுன்னு ரெண்டு இடத்துல ஒண்ணேகால் இஞ்ச் ஆழத்துக்கு வெட்டினோம். புது தரையை எதுக்கு சார் வெட்டுறீங்கன்னு மேஸ்திரிக்கு ஒரே வருத்தம். அது எப்படியும் வெடிக்கும், நாம சொன்ன கோட்டுல வெடிக்கட்டும்னு சொன்னேன். இன்னிக்கு வரைக்கும் அந்த கோட்டுக்கு வெளியில ஒரு மயிரிழை வெடிப்பு இல்ல.

நினைச்சே பார்க்காத செலவு ரெண்டு. தரை 5 இஞ்ச் ஏறினதால கேட் தொறக்கல, வெல்டர் வந்து அடியை வெட்ட 2,500. ரோட்டு தண்ணிக்கு கேட் அடியில ஒரு திண்டு வச்சு, அதுக்கு உள்பக்கம் கிரேட்டிங் போட்ட வாய்க்கால் இறக்கி மழைநீர் சேகரிப்பு தொட்டியில விட்டோம், கிரேட்டிங் 4,800. அந்த தொட்டி 2003ல எல்லாரும் கட்டாயம் கட்டினப்ப அப்பா கட்டினது, அதுக்கப்புறம் இப்பதான் ஒழுங்கா தண்ணி பார்க்குது. சம்ப் வாயை செங்கல் வச்சு உசத்தினது மேஸ்திரி காசு வாங்காமலே செஞ்சாரு. மொத்தம் 99,400.

பாத்தி கட்டி 14 நாள் தண்ணி நிறுத்தினோம். மூட்டையில PPCன்னு (சாம்பல் கலந்த சிமெண்ட்) போட்டிருந்தா ஏழு நாள்லாம் பத்தாது. கார் மூணு வாரம் தெருவுல நின்னுச்சு, எதிர்வீட்டு அண்ணன் தினமும் "என்னப்பா, வண்டி இன்னும் வனவாசம் முடியலையா"ன்னு கேட்டுட்டே போவாரு.

மழை வந்தப்ப ராத்திரி டார்ச் அடிச்சு நின்னு பார்த்தேன். தெரு தண்ணி திண்டைத் தாண்டல, உள்ள விழுந்ததெல்லாம் வாய்க்காலுக்கு ஓடிடுச்சு. மோட்டார் மூலையில மட்டும் ஒரு சாப்பாட்டு தட்டு அளவுக்கு தேங்குது. ரசமட்டம் வச்சு பார்க்க சொன்னேன், கண்ணாலயே பார்த்துட்டேன் சார்னு சொன்ன அதே மூலை.

அந்த மூலைக்கும் இடிசல் கணக்குக்கும் சேர்த்து மூணு மார்க் கழிச்சிருக்கேன். வந்து சரி பண்ணி தர்றேன்னு சொல்லி ரெண்டு மாசம் ஆச்சு, போன் பண்ணா உடனே எடுக்கிறாரு, "நாளைக்கு காலையில ஒம்போது மணி சார்"ங்கிறாரு.