வீட்டில் செய்த துப்பாக்கிக்கு யார் நம்பர் போடுவது?

அமெரிக்காவில் கடையில் வாங்கும் துப்பாக்கி ஒவ்வொன்றிலும் சீரியல் நம்பர் பொறித்திருக்கும். 1968-ல் வந்த துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் தயாரிப்பாளருக்கும் இறக்குமதியாளருக்கும் அதைக் கட்டாயமாக்கியது. ஆனால் ஒருவர் சொந்த உபயோகத்துக்கென்று வீட்டு ஷெட்டில் உட்கார்ந்து ஒன்றைச் செய்துகொண்டால், மத்திய சட்டப்படி அவருக்கு லைசென்ஸ் வேண்டாம், நம்பரும் வேண்டாம். இந்தியாவில் இந்த விவாதத்துக்கே இடமில்லை. 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி செய்வதே குற்றம். அமெரிக்காவில் செய்ய அனுமதி உண்டு. செய்ததற்கு யார், எப்போது நம்பர் போடுவது என்பதில்தான் பெரிய சண்டை, அதில் மாநிலத்துக்கு மாநிலம் ஒரு வழி.

ரொம்ப நாள் வரை இது யாருக்கும் தலைவலியாக இல்லை. பட்டறை வேலை தெரிந்த சிலர்தான் செய்தார்கள். நிலைமையை மாற்றியது கிட் வியாபாரம், அதாவது வாங்குபவரே பூட்டிக்கொள்ளும் பாகங்களை விற்பது. சட்டத்தின் பார்வையில் துப்பாக்கி என்பது மற்ற பாகங்களை மாட்டும் உடல் பகுதியான அதன் ஃபிரேம் அல்லது ரிசீவர்தான். குழலையும் விசையையும் யாரும் தனியாக வாங்கலாம். அந்த ஃபிரேமில் கொஞ்சம் வேலையைப் பாக்கி வைத்து விற்றால் அது இன்னும் துப்பாக்கி ஆகவில்லை என்பது வியாபாரிகளின் வாதம். '80 சதவீதம்' என்று அதற்கு ஒரு பெயரும் நிலைத்துவிட்டது. நெவாடாவில் இருந்த பாலிமர்80 நிறுவனம் தேவையான பாகங்கள் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு, 'வாங்கு, கட்டு, சுடு' என்று பெயரிட்டே விற்றது. அந்தப் பெட்டியை அதற்குமுன் பார்த்தே இராத ஒருவர் 21 நிமிடத்தில் துப்பாக்கியாக்கி முடித்ததை உச்ச நீதிமன்றத் தீர்ப்பே பதிவு செய்திருக்கிறது. மூலம் கண்டுபிடிக்கச் சொல்லிப் போலீஸ் அனுப்பிய நம்பரில்லாத் துப்பாக்கிகள் 2017-ல் சுமார் 1,600. 2021-ல் 19,000-க்கும் மேல்.

சரி, நம்பர் இருந்தால் மட்டும் என்ன நடக்கிறது? மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க்கில், துப்பாக்கிச் சட்டங்களை அமல்படுத்தும் மத்திய அரசின் ஏடிஎஃப் அமைப்பின் தேடல் மையம் இருக்கிறது. போலீஸ் நம்பரைச் சொன்னதும் கம்ப்யூட்டரில் தட்டி உரிமையாளர் பெயரை எடுத்துவிட அங்கே முடியாது. மத்திய அரசு அப்படி ஒரு பதிவேடு வைக்கக் கூடாது என்று 1986 சட்டம் தடுக்கிறது. முதலில் தயாரிப்பாளரிடம் கேட்பார்கள், அவர் கைகாட்டும் மொத்த வியாபாரியிடம் கேட்பார்கள், அப்புறம் சில்லறைக் கடை. கடைசியில் அந்தக் கடையின் கோப்பிலிருந்து 4473 என்ற படிவம் வெளியே வரும். அதில் கிடைப்பதும் கடையில் முதன்முதலில் வாங்கியவரின் பெயர் மட்டுமே. பதிவு இல்லாத நம்பரோ ஆர்டிஓ ஆபீசில் யார் பேரிலும் இல்லாத வண்டியின் சேசிஸ் நம்பர் மாதிரிதான். அதனால் இந்தச் சட்டங்களை நான் இரண்டு கேள்விகளை வைத்தே எடை போடுகிறேன். நம்பர் எந்தக் கட்டத்தில் விழுகிறது? அதன் பதிவு யார் கையில் இருக்கிறது?

முதல் வழி, அரசிடமே நம்பர் கேட்டு வாங்குவது. கலிபோர்னியா இதைத்தான் பிடித்தது, அதுவும் நேராகப் பிடிக்கவில்லை. 2014-ல் இப்படி ஒரு மசோதா கவர்னர் ஜெர்ரி பிரவுனின் மேசைக்கு வந்தபோது அவர் திருப்பி அனுப்பிவிட்டார். வீட்டுத் துப்பாக்கியில் நம்பர் போடுவதால் பொதுப் பாதுகாப்பு எப்படிப் பெரிதாக முன்னேறும் என்று தனக்குப் புரியவில்லை என்பது அவர் சொன்ன காரணம். அதே பிரவுன் 2016-ல் ஏறக்குறைய அதே சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். 2018 ஜூலை 1 முதல், செய்வதற்கு முன்பே மாநில அரசின் நீதித் துறைக்கு (கோர்ட்டுக்கு அல்ல) விண்ணப்பித்து நம்பர் வாங்க வேண்டும். துறை விண்ணப்பித்தவரின் குற்றப் பின்னணியைச் சரிபார்க்கும். செய்து முடித்த 10 நாட்களுக்குள் பொறிக்க வேண்டும். ஏற்கெனவே நம்பரில்லாமல் வைத்திருந்தவர்களுக்கு 2019 ஜனவரி 1 வரை கெடு. செய்ததை விற்கவும் கூடாது.

இந்தச் சட்டத்தை எழுதியவர்கள் பிளாஸ்டிக்கையும் யோசித்திருக்கிறார்கள். பிளாஸ்டிக்கில் பொறித்த நம்பரை உப்புத்தாள் வைத்துத் தேய்த்தாலே போய்விடும். ஆகவே பிளாஸ்டிக் ஃபிரேமுக்குள் 3.7 அவுன்ஸ் எடையுள்ள, 17-4 பிஹெச் என்ற குறிப்பிட்ட வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைப் பதித்து அதில்தான் நம்பர் பொறிக்க வேண்டும் என்று விதி. ஏறக்குறைய 105 கிராம். மெட்டல் டிடெக்டரிலும் மாட்டும், நம்பரும் நிற்கும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

பதிவு அரசின் கையிலேயே இருப்பதால் என் இரண்டாவது கேள்விக்கு கலிபோர்னியாவுக்கு முழு மார்க். முதல் கேள்வியில்தான் உதைக்கிறது. போய் விண்ணப்பிக்கப் போவது யார்? 2017 நவம்பரில் அதே மாநிலத்தின் ராஞ்சோ தெஹாமாவில் ஐந்து பேரைக் கொன்றவர், துப்பாக்கியே வைத்திருக்கக் கூடாது என்று கோர்ட் உத்தரவு இருந்தவர். தானே செய்த ரைஃபிள்களோடுதான் வந்தார். அப்போது விண்ணப்ப விதி நடைமுறைக்கு வந்திருக்கவில்லை. வந்திருந்தாலும் அவர் வரிசையில் போய் நின்றிருப்பாரா? இன்னொரு சட்டச் சிக்கலும் உண்டு. 1968-ல் ஹெய்ன்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், பதிவு செய்யப் போனாலே தன் குற்றத்தைத் தானே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்ற நிலையில் இருப்பவரை, பதிவு செய்யவில்லை என்று தண்டிக்க முடியாது என்றது. அந்த வாதம் இங்கே எவ்வளவு தூரம் செல்லும் என்பது வேறு கதை. ஆனால் விண்ணப்பத்தை நம்பியிருக்கும் எந்தச் சட்டமும் சட்டத்துக்குப் பயப்படுகிறவரைத்தான் முதலில் பிடிக்கும்.

கனெக்டிகட்டும் இதே ஜாதிதான், வரிசை மட்டும் தலைகீழ். 2019 சட்டப்படி செய்து முடித்த 30 நாட்களுக்குள் மாநிலப் பொதுப் பாதுகாப்புத் துறைக்குத் தெரிவித்து நம்பர் வாங்க வேண்டும். முன்னால் கேட்கும் கலிபோர்னியா முறையே மேல். கையில் துப்பாக்கி வந்த பிறகு பின்னணியைச் சரிபார்த்து என்ன பயன்?

இரண்டாவது வழி கொலராடோவுடையது. 2023-ல் போட்ட சட்டம் நம்பரில்லாத துப்பாக்கியையும் ஃபிரேமையும் தடை செய்தது. ஏற்கெனவே வைத்திருந்தவர் லைசென்ஸ் உள்ள டீலரிடம் கொண்டுபோய் நம்பர் பொறித்துக்கொள்ள 2024 ஜனவரி 1 வரை அவகாசம் தந்தது. டீலர் அவருடைய பின்னணியைச் சரிபார்க்க வேண்டும், பதிவும் வைக்க வேண்டும். அரசு அலுவலகம் என்றாலே முகம் சுளிக்கும் துப்பாக்கிக்காரர்களுக்கு, பழகின கடைக்காரரிடம் போவது அவ்வளவாக உறுத்தாது. கலிபோர்னியா கேட்பதைவிட இது குறைவு, ஆனால் ஆள் வர வாய்ப்பு அதிகம்.

மூன்றாவது, மத்திய அரசின் வழி. ஏடிஎஃப் விதி 2022 ஆகஸ்ட் 24 முதல் நடைமுறைக்கு வந்தது. இது வீட்டில் செய்பவரைத் தொடவே இல்லை. நேரே கிட் விற்பவரின் சட்டையைப் பிடித்தது. சுலபமாகத் துப்பாக்கியாக மாற்றக்கூடிய கிட் துப்பாக்கியேதான். எனவே அதை விற்க லைசென்ஸ் வேண்டும், நம்பர் வேண்டும், வாங்குபவரின் பின்னணியைப் பார்க்க வேண்டும். வீட்டுத் துப்பாக்கி எப்படியாவது டீலரின் கையிருப்புக்குள் வந்தால் 7 நாட்களுக்குள், அதற்குமுன் கைமாறினால் கைமாறுவதற்கு முன்பே, அவர் நம்பர் போட வேண்டும். பொறிப்பின் ஆழம் குறைந்தது 0.003 அங்குலம். ரிப்பேருக்குக் கொண்டுவந்து அன்றே வாங்கிக்கொண்டு போனால் நம்பர் வேண்டாம் என்று ஒரு சலுகையும் உண்டு.

டெக்சாஸ் மத்திய நீதிபதி ஒருவர் 2023-ல் இந்த விதியை ரத்து செய்தார். உச்ச நீதிமன்றம் வழக்கு முடியும்வரை விதியைத் தக்கவைத்து, 2025 மார்ச் 26 அன்று 7-2 என்ற கணக்கில் ஏடிஎஃப் பக்கம் நின்றது. தீர்ப்பை எழுதியவர் பழமைவாதியான நீதிபதி நீல் கோர்சச்; நீதிபதிகள் தாமஸும் அலிட்டோவும் மறுத்தார்கள். பாலிமர்80 அதற்கு முந்தைய ஆண்டே கடையை மூடியிருந்தது.

முழுத் தடை என்ற நான்காவது வழியை நியூ ஜெர்சி 2018-ல் எடுத்தது: நம்பரில்லாத துப்பாக்கி செய்யும் நோக்கத்தில் பாகம் வாங்குவதே குற்றம். போலீசுக்கு இது சௌகரியம். பொழுதுபோக்குக்குச் செய்பவருக்கு வாசலே இல்லை.

என் கணக்கில் மத்திய விதிதான் முதலிடம். ஊர் ஊராகப் போய் ஒவ்வொரு ஷெட்டையும் தட்டுவதைவிட, பெட்டி கிளம்பும் இடத்திலேயே நம்பர் விழுவது மேல். கலிபோர்னியாவே 2022-ல் இந்தப் பக்கம் சாய்ந்தது: பாதி செய்த பாகத்தையும் துப்பாக்கியாகவே கணக்கிட்டு, நம்பரில்லாமல் விற்பதையும் வைத்திருப்பதையும் தடுத்தது. விண்ணப்பம் மட்டும் போதாது என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. ஆனால் மத்திய விதி கால் வைக்காத இடம் ஒன்று உண்டு. 2013-ல் 'லிபரேட்டர்' என்ற பிளாஸ்டிக் கைத்துப்பாக்கியின் வரைபடம் இணையத்தில் வந்ததிலிருந்து, 3டி பிரிண்டர் இருப்பவருக்கு கிட்டும் வேண்டாம், கடையும் வேண்டாம். விற்பவரே இல்லாத இடத்தில் விற்பவரைப் பிடிக்கும் சட்டம் என்ன செய்யும்?

நம்பரை அழிப்பது குற்றமாக நீடித்தால்தான் இவை எதற்கும் அர்த்தம் உண்டு. 2022-ல் மேற்கு வர்ஜீனியாவில் ஒரு மத்திய நீதிபதி, ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைத் தரும் அரசியலமைப்பின் இரண்டாம் திருத்தம் வந்த காலத்தில் சீரியல் நம்பரே கிடையாது, ஆகவே நம்பர் அழித்த துப்பாக்கியை வைத்திருப்பதைத் தண்டிக்கும் பிரிவு செல்லாது என்று தீர்ப்பளித்துப் பலரை நிமிர்ந்து உட்கார வைத்தார். 2024-ல் நான்காவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. சட்டப்படி நடப்பவர்கள் வழக்கமாக வைத்திருக்கும் ஆயுதம் அல்ல இது என்பது அதன் வாதம்.

மத்திய விதி கண்டுகொள்ளாத இன்னொன்று, ஏற்கெனவே வீடுகளில் கிடக்கும் பழைய நம்பரில்லாத் துப்பாக்கிகள். அவற்றை மாநிலங்கள்தான் பார்க்க வேண்டும். அதற்கு கொலராடோ முறையையே எடுத்துக்கொள்ளச் சொல்வேன், ஒரு திருத்தத்தோடு. டீலர் கடையை மூடினால் அவருடைய பதிவுகள் பெட்டி பெட்டியாக மார்ட்டின்ஸ்பர்க் போய்ச் சேருகின்றன. அங்கே ஸ்கேன் செய்து வைக்கிறார்கள், ஆனால் பெயரைப் போட்டுத் தேட முடியாத வெறும் படங்களாக. டீலர் நம்பர் பொறிக்கும் அன்றே பதிவின் நகல் ஒன்று மாநிலப் போலீசுக்கும் போக வேண்டும். துப்பாக்கிக்காரர்கள் கத்துவார்கள், கத்தட்டும். கலிபோர்னியாவில் 2018-லிருந்தே அந்தப் பதிவு அரசின் கையில்தான் இருக்கிறது.